காப்பீட்டு அட்டை இருக்கு... மாத்திரைக்குக் காசு ஏன்?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன், ஆர்.கே.பேட்டை)



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மருந்துக் கடையில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடையும்போது அளவு ஒரு துளி மாறினாலும் 'ஏன் மாறியது?' என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள் நம் ஆசிரியர்கள். அதே கேள்வியை ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கம் அச்சடித்த விலையிடம் கேட்டுப் பார்த்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆர்.கே.பேட்டையில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வீடு, நான்கிலும் சுகர். (சுகர் இல்லாத வீட்டைத் தேடுவதுதான் இப்போது கஷ்டம்!) நான்கு வீட்டிலும் சாப்பிடுவது மெட்ஃபார்மின் 500 என்ற ஒரே மருந்துதான். முதல் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறார். ஆனால் மெடிக்கலில் முழு விலை கொடுத்துத்தான் மாத்திரை வாங்குகிறார். இரண்டாவது வீட்டு அண்ணன் ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிறார். இ.எஸ்.ஐ. இருப்பதால் அவருடைய அம்மாவுக்கு மாத்திரை இலவசம். மூன்றாவது வீட்டில் தனியார் மெடிக்ளெய்ம். வருஷம் தவறாமல் ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டுகிறார்கள். மாதாந்திர மாத்திரைக்கு அதிலிருந்து ஒரு பைசா வருவதில்லை. நான்காவது வீட்டுப் பாட்டிக்குக் காப்பீடு என்ற சொல்லே தெரியாது. அவருக்கு மட்டும் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது, காசில்லாமல்!

பிரீமியம் கட்டுகிறவருக்கு முழு விலை, ஒன்றும் கட்டாதவருக்கு இலவசம். இது என்ன கணக்கு? கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அட்டையின் முதுகில் உள்ள விலை

அட்டையில் போட்டிருப்பது அதிகபட்ச சில்லறை விலை. வரி, மொத்த வியாபாரி லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த விலையைக் கம்பெனிக்காரர் தன் இஷ்டத்துக்குப் போடலாமா என்றால், போடலாம், போடக் கூடாது என்று இரண்டு பதிலும் சரிதான்! மத்திய அரசிடம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 2022-ல் வெளியான பட்டியலில் 384 மருந்துகள். இந்த மருந்து, இத்தனை மில்லிகிராம், மாத்திரையா ஊசியா என்று குறிப்பிட்டே பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் இருப்பவற்றுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துக்கு உச்ச விலை கிடையாது. ஒரு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாடுதான்.

உச்ச விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? 1995-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் 74 மூல மருந்துகளுக்கு, தயாரிக்க என்ன செலவு என்று பார்த்து விலை வைத்தார்கள். 2013-ல் வந்த ஆணை அந்த முறையையே மாற்றிவிட்டது. இப்போது செலவைப் பார்ப்பதில்லை, சந்தையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு மருந்தில் 1 சதவீதமாவது விற்பனைப் பங்குள்ள பிராண்டுகளை எல்லாம் எடுத்து, அவை கடைக்காரருக்கு என்ன விலையில் போகின்றன என்று பார்த்துச் சராசரி போடுகிறார்கள். அதற்குமேல் கடைக்காரருக்கு 16 சதவீதம். ஒரு பேச்சுக்கு மூன்று பிராண்டுகள் 10, 14, 30 ரூபாய்க்குக் கடைக்குப் போகின்றன என்று வையுங்கள். சராசரி 18. அதில் 16 சதவீதம் 2 ரூபாய் 88 காசு. ஆக உச்ச விலை 20 ரூபாய் 88 காசு, வரி தனி. அதற்குமேல் விற்றவர் விலையைக் குறைத்தாக வேண்டும். கீழே விற்றவர் தன் பழைய விலையிலேயே நிற்க வேண்டும்.

10 ரூபாய்க்கே ஒருவரால் கடைக்குத் தர முடிகிறது. ஆனால் 20 ரூபாய்க்கு மேல் விற்பதும் சட்டப்படி சரி. ஒரே மருந்து ஒரே கடையில் இரண்டு விலையில் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். கடைக்காரர் நம்மை ஏமாற்றுகிறார் என்று உடனே அவர்மேல் பாய வேண்டியதில்லை.

பட்டியல் மருந்தின் உச்ச விலையும் ஆண்டுதோறும் ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டைப் பார்த்து நகரும். 2022-ல் 10.77 சதவீதம், 2023-ல் 12.12 சதவீதம் ஏற்ற அனுமதி கிடைத்தது. 2024-ல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 2025-ல் 1.74 சதவீதம். வரியும் மாறியது: 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது.

பட்டியல் இருக்கிறதே என்று முழுசாக நிம்மதி அடையவும் முடியாது. சுகருக்கும் பி.பி.க்கும் எழுதித் தருகிற இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் பல அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. தனித்தனியாக வாங்கினால் கட்டுப்பாட்டு விலை. ஒரே மாத்திரையாகச் சேர்த்தால் வேறு விலை. நோயாளிக்கு ஒரு மாத்திரை விழுங்குவது சுலபம் என்பதும் உண்மைதான். டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை.

காப்புரிமை என்ற பூட்டு

இன்னும் விலை எகிறும் இடம் புது மருந்து. நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் தந்தது. அதனால் அதே மருந்தை வேறு வழியில் செய்து நம் கம்பெனிகள் மலிவாக விற்றன. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததன் விளைவாக 2005-ல் சட்டம் மாறியது, மருந்துக்கே காப்புரிமை வந்தது.

இதில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் கிளிவெக் என்ற மாத்திரைக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-ல் மனு போட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அந்த அலுவலகம் 2006-ல் மனுவைத் தள்ளியது. கம்பெனி விடவில்லை. வழக்கு டெல்லி வரைக்கும் போய், 2013 ஏப்ரல் 1-ந் தேதி உச்ச நீதிமன்றமும் முடியாது என்றது. பழைய மருந்தின் வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டு, கூடுதல் குணம் காட்டாமல் புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அப்போது கிளிவெக் ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் செய்த அதே மருந்து சுமார் 8,000 ரூபாய். இந்த வித்தியாசத்தில் எத்தனை குடும்பங்களின் நகையும் நிலமும் தப்பித்தன என்று நினைத்துப் பாருங்கள்.

காப்புரிமைக் காலம் முடிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுகர் மாத்திரையே சாட்சி. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மருந்தின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய் விற்ற இடத்தில், பல கம்பெனிகள் வரிசையாக இறங்கி 10 ரூபாய்க்குள்ளேயும் கொண்டுவந்து விட்டன. மருந்து அதேதான், பூட்டுதான் திறந்தது.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை எப்படி இலவசம்?

இப்போது நான்காவது வீட்டுப் பாட்டியிடம் வருவோம். அவருக்கு வருவது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பி.பி. உள்ளவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதுதான் திட்டம். இது காப்பீடு அல்ல. நேரடியாக அரசு வாங்கி, நேரடியாகத் தருவது.

அரசு யாரிடம் வாங்குகிறது? 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர் விடுகிறது. பிராண்டு பெயரில் அல்ல, மருந்தின் மூலப் பெயரில். தரத்துக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர். முதல் கவரில் தேறினால்தான் இரண்டாவது கவரைப் பிரிப்பார்கள். மாவட்டம்தோறும் கிடங்கு. வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். எவ்வளவு மருந்து எடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்று அதிலேயே தெரியும். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே மாதிரி கழகங்கள் வைத்துக்கொண்டன.

கோடிக்கணக்கில் மாத்திரை வாங்குகிறவரிடம் விற்கும்போது கம்பெனிக்கு விளம்பரச் செலவு இல்லை, மெடிக்கல் ரெப்ரசன்டேடிவ் சம்பளம் இல்லை, ஸ்டாக்கிஸ்ட் கமிஷன் இல்லை. மெடிக்கல் ஷாப் விலையில் ஒரு சிறு பங்குக்கே கொடுக்க முடிகிறது. 'கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது' என்று நம்ம ஊரில் சொல்வதுண்டு. என் ஆயாவும் அப்படித்தான் சொல்லும். மெடிக்கலில் வாங்கும் அட்டைக்கு இத்தனை பரிசோதனை நடந்ததா என்று யாராவது கேட்டதுண்டா?

பெட்டில் படுத்தால்தான் காப்பீடு

சரி, அட்டை வைத்திருக்கும் முதல் வீட்டுக்காரருக்கு ஏன் முழு விலை?

நம் நாட்டுக் காப்பீடுகள் பெரும்பாலும் 'உனக்கு என்ன வியாதி?' என்று கேட்பதில்லை. 'பெட்டில் படுத்தாயா?' என்றுதான் கேட்கும். எங்கள் ஊரைச் சுற்றி இது இன்னும் தெளிவாகத் தெரியும். திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து பிரிந்து, 1960 ஏப்ரல் 1-ல் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. இப்போதும் சில கிலோமீட்டர் நடந்தால் அந்தப் பக்கம். அங்கே 2007-ல் ஆரோக்யஸ்ரீ வந்தது. இங்கே 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மொழி வேறு, அட்டையில் படம் வேறு. ஆனால் இரண்டு பக்கமும் காப்பீட்டின் அடிப்படை பெட்தான். நம் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆயுஷ்மான் திட்டத்தில் அட்மிட் ஆவதற்கு முன் 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரைக்கும் மருந்து அடக்கம். பதினாறாம் நாள்?

அந்தப் பதினாறாம் நாள் எங்கள் வீட்டிலும் வந்தது. என் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து, அட்டையில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. அதை நான் நன்றியோடுதான் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் விலைக்கே 2017 பிப்ரவரியில்தான் உச்ச வரம்பு வந்தது: சாதாரண உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். அதுவரை ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்ற பொருள் அது. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று என்று விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் அபாயம். சிகிச்சை செய்த தனியார் ஆஸ்பத்திரி தந்த சீட்டில் இருந்த பிராண்டுகள் அவர்கள் கடையைத் தவிர வேறு கடையில் கிடைக்கவில்லை. மாதம் 1,600 ரூபாய். விசைத்தறிக் குடும்பத்தில் 1,600 என்பது சின்னத் தொகை இல்லை. மூன்றாம் மாதம் தாத்தா ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அட்டையில் மாத்திரை மிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பில்லையும் சீட்டையும் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உட்கார்ந்து ஒவ்வொரு பிராண்டுக்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த மூலப் பெயரை எழுதினேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டி, அவர் எழுதித் தந்த பிறகு அங்கேயே வாங்குகிறோம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூட யாராவது போக வேண்டும், அன்று ஒரு தறி நிற்கும். இலவசம் என்று எழுதியிருக்கும் மாத்திரையின் விலை எங்களுக்கு ஒரு நாள் கூலி.

பேக்கேஜும் பில்லும்

மூன்றாவது வீட்டு மெடிக்ளெய்ம் சங்கதி வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு ஊசி மருந்தை எடுத்துக்கொள்வோம். அதே ஊசி, அதே ஆஸ்பத்திரி, பக்கத்துப் பக்கத்து பெட்.

அரசு அட்டையில் வந்தவருக்கு அரசு தருவது பேக்கேஜ் தொகை: இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு, மருந்தும் அதற்குள் அடக்கம். ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஊசி ஒரு செலவு. எவ்வளவு மலிவாக வாங்குகிறதோ அவ்வளவு மிச்சம். மெடிக்ளெய்மில் வந்தவருக்கு ஒவ்வொரு ஐட்டமாகப் பில் போட்டால், அதே ஊசி வரவு! அட்டையில் அச்சடித்த விலை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஆகவே விலை அதிகம் அச்சடித்த பிராண்டை, பட்டியலுக்கு வெளியே உள்ளதைத் தேடி வாங்கத் தோன்றும். இது என் கற்பனை அல்ல. டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்து விலை நிர்ணய ஆணையமே 2018 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. மொத்தமாக வாங்குகிற ஆஸ்பத்திரிகளே கம்பெனியிடம் அதிக விலை அச்சடிக்கச் சொல்லி வாங்குகின்றன என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் கட்டாயப்படுத்துவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தானாக உத்தரவு போடாமல், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது.

'இன்ஷூரன்ஸ்தானே கட்டுது, நமக்கென்ன?' என்று இருக்க முடியாது. 5 லட்சம் பாலிசியில் மருந்துக்கு ஒரு லட்சம் போய்விட்டால் மிச்சம் நான்குதான். கோ-பே என்று ஒன்று இருந்தால் பில் ஏற ஏற நம் பங்கும் ஏறும். 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் 5 சதவீதம் நம் பங்கு. அதிலேயே டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை மருந்துக்கும் பணம் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது, பில்லைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

அறை வாடகையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாலிசி அனுமதித்ததைவிட உசத்தியான அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ் உள்பட அந்த விகிதத்தில் வெட்டுவார்கள். ஆனால் அப்படி வெட்டும்போது மருந்து, ஸ்டென்ட் போன்ற கருவி, பரிசோதனை இவற்றின் விலையில் கைவைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் வழிகாட்டுதல் தந்தது. கிளெய்ம் குறைந்து வந்தால் எதில் வெட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

பெட்டில் படுக்காமலே மருந்துக்குப் பணம் தந்த காப்பீடு இல்லவே இல்லையா? இருந்தது, அதுவும் எங்களைப் போன்ற நெசவுக் குடும்பங்களுக்கு! 2005-06-ல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. ஐ.சி.ஐ.சி.ஐ. லம்பார்டு கம்பெனி மூலமாக, ஒரு குடும்பத்துக்கு வருஷம் 15,000 ரூபாய் வரை. அதில் 7,500 ரூபாய் வரை வெளிநோயாளிச் செலவுக்கு. தொகை சின்னதுதான். ஆனால் நாள்தோறும் விழுங்குகிற மாத்திரையையும் வியாதி என்று ஒத்துக்கொண்ட திட்டம் அது. அதுவும் கைத்தறிக்கு மட்டும்தான், விசைத்தறி ஓட்டுகிறவர் அதில் சேரவில்லை.

நாளை நம் சம்பளச் சீட்டில்

இதுதான் நமக்கு நேரடியாக வேண்டிய பகுதி. நம்மில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று போகப் போகிறோம். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாடு. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் ஆனது. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் நமக்குப் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு, கம்பெனி கட்டுவது 487 ரூபாய் 50 காசு. 'நூறு ரூபாய் வீணாப் போகுதே' என்று அண்ணன்மார் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நூற்றுச் சொச்சத்தில்தான் வேலையில் சேர்ந்த நாள் முதல் வெளிநோயாளிச் சிகிச்சையும் மாத்திரையும் வருகிறது. நமக்கு மட்டுமல்ல, நம்மை நம்பியிருக்கும் வருமானம் குறைந்த அம்மா அப்பாவுக்கும். இரண்டாவது வீட்டு அம்மாவின் மாத்திரை இலவசமானது இப்படித்தான். டிஸ்பென்சரி தூரம், வரிசை நீளம், சில மாதம் மருந்து இருக்காது என்ற குறைகளையும் அங்கே போகிறவர்கள் சொல்கிறார்கள். வெளியில் வாங்கச் சொன்னால் டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, பில்லோடு பணம் திரும்பக் கேட்க வழி உண்டு.

இரண்டு ஓட்டைகளைச் சொல்லியே ஆக வேண்டும். பத்துப் பேராவது வேலை செய்தால்தான் இ.எஸ்.ஐ. கட்டாயம். எங்கள் ஊர்த் தறிக்கூடங்களில் பல நாலு பேர், ஐந்து பேர். அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. இல்லாததற்குக் காரணம் அவர் உழைக்காதது அல்ல, கூட உழைக்க இன்னும் ஐந்து பேர் இல்லாததுதான்! அடுத்தது, 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி எடுக்கப்படுகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. டிப்ளமோ முடித்து டெக்னீஷியன் அப்ரன்டிஸாகப் போகும் நம் நண்பர்கள் அந்த ஒரு வருஷம் எந்தக் காப்பீட்டில் இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். 'டிரெய்னி' என்று போட்டிருந்தால் அது அந்தச் சட்டப்படியா, கம்பெனி வைத்த பெயரா என்று விசாரியுங்கள். இரண்டுக்கும் பலன் வேறு.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைப்போம். அங்கே காப்பீடு மாத்திரைக்கும் பணம் தருகிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு காப்பீட்டுக் கம்பெனியும் மருந்துகளைப் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறது. கீழ்ப்படி மருந்துக்கு நம் பங்கு குறைவு, மேல்படிக்கு அதிகம். எந்த மருந்து எந்தப் படி என்பதை நடுவில் ஒரு தரகு நிறுவனம் மருந்துக் கம்பெனியோடு பேரம் பேசி முடிவு செய்யும். ஆகவே ஒரே மாத்திரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேறு தொகை கட்டுவார். இன்னொரு கூத்து: காப்பீட்டை மறந்துவிட்டு நேராகக் காசு கொடுத்தால் சில மருந்துகள் மலிவு. ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று சில ஒப்பந்தங்கள் கடைக்காரர் வாயைக் கட்டிவைத்திருந்தன. 2018 அக்டோபரில்தான் சட்டம் போட்டு அதை அவிழ்த்தார்கள். இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் முதியோர் கட்ட வேண்டாம் என்பது 2023 ஜனவரியில்தான் வந்தது.

நம் மெடிக்கலில் யாரும் யார் வாயையும் கட்டவில்லை, நாமாகத்தான் கேட்பதில்லை. டாக்டர் எழுதிய பிராண்டை மாற்றி வேறு பிராண்டைத் தரக் கடைக்காரருக்குச் சட்டத்தில் அனுமதி இல்லை என்பதால், கேட்க வேண்டிய இடம் கடை அல்ல, டாக்டர் அறை. மூலப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதியை அதே மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆகவே அவராக எழுதமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். மூலப் பெயரில் சீட்டு இருந்தால் 2008-ல் தொடங்கிய மக்கள் மருந்தகமோ (ஜன் ஔஷதி), 2025 பிப்ரவரி 24-ல் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் ஆயிரம் கடைகளாகத் திறந்த முதல்வர் மருந்தகமோ எதிலும் வாங்கலாம். ஒரு மருந்தின் உச்ச விலை என்ன என்று பார்க்க, விலை நிர்ணய ஆணையம் 'பார்மா சஹி தாம்' என்ற செயலியை வைத்திருக்கிறது. அதைவிட அதிகம் வாங்கினால் 1800 111 255 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், காசில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றிய சந்தேகத்துக்கு 1800 425 3993.

டாக்டர் அறையில் சீட்டை வாங்கியவுடன் எழுந்துவிடாமல், 'சார், இதோட மூலப் பெயரையும் பக்கத்துல எழுதிக் குடுங்க' என்று கேளுங்கள். தாத்தாவுக்காக நான் கேட்டபோது அந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்து, 'என்ன படிக்கிறே?' என்றார். மெக்கானிக்கல் என்றேன். சிரித்துக்கொண்டே மூன்றையும் எழுதித் தந்தார்.